வதைமுகாமில் யூதர்கள் வழிபாட்டை எப்படி நடத்தினார்கள்? வாசகர் வட்டத்துக்கு விவரம் வேண்டும்

சிப்புட் டீச்சர்:

வணக்கம். சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசகர் வட்டம் ஜனவரி 27 அன்று கூடுகிறது. இடம் தோட்டத்துக் கோயில் மண்டபம், நேரம் ஒன்றரை மணி. ஐந்தாம் படிவ மாணவர்கள் இருபது பேர், பெரியவர்கள் பதினைந்து பேர் வருவார்கள். நாஜி முகாம்களில் யூதர்கள் பட்ட பாடும், அங்கே அவர்களுடைய கடவுள் நம்பிக்கை என்ன ஆனது என்பதும்தான் தலைப்பு.

"நம்பிக்கையோடு இருந்தார்கள்", "நம்பிக்கை இழந்தார்கள்" என்று பொத்தாம்பொதுவாகப் பேசி முடிக்க எனக்கு விருப்பமில்லை. கையில் எதுவுமே இல்லாத இடத்தில் பண்டிகை நாளை எப்படித் தெரிந்துகொண்டார்கள்? விளக்குக்கு எண்ணெய் ஏது? விரதம் இருந்தார்களா, இருக்கலாமா? மதச் சட்டம் என்ன சொன்னது? இந்த மாதிரி நுணுக்கங்கள் வேண்டும். போர்க்காலத்தில் ஜப்பானியர் நம் தோட்டத் தொழிலாளர்களையும் போர்க்கைதிகளையும் கொண்டுபோய்ப் போட்ட சயாம் மரண ரயிலோடு சேர்த்துப் பேசலாமா என்றும் சொல்லுங்கள். கேட்க வருகிற பெரியவர்களில் பாதிப்பேர் வீட்டில் சயாமுக்குப் போனவர்கள் உண்டு.

ஆறாங்கட்டை:

டீச்சர், முதலில் சாப்பாட்டு அளவைச் சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் மற்றது எதுவும் புரியாது. ஆஷ்விட்ஸில் ஒரு கைதிக்குக் காலையில் அரை லிட்டர் கோப்பி என்ற பெயரில் கறுப்புத் தண்ணீர். நண்பகலில் சுமார் முக்கால் லிட்டர் சூப்: உருளைக்கிழங்கு, ஒருவகை முள்ளங்கிக் கிழங்கு, கொஞ்சம் தானியக் குறுணை, கம்புமாவு. மாலையில் சுமார் 300 கிராம் ரொட்டி, அதோடு 25 கிராம் அளவில் மார்ஜரினோ சாசேஜோ, அல்லது ஒரு கரண்டி ஜாம். மொத்தம் 1,300 முதல் 1,700 கலோரி. அதை வைத்துக்கொண்டு பதினொரு மணி நேரக் கடும் வேலை. நடுவில் கையாடல் போக, இந்த அளவுகூட முழுதாகக் கைக்கு வராது. நம் கடையில் விற்கும் 400 கிராம் ரொட்டியில் முக்கால் பங்கை மேசைமேல் வைத்துக் காட்டலாம். ஆனால் அங்கே கொடுத்தது கனத்த, ஈரம் ஊறிய கறுப்பு ரொட்டி. பார்வைக்கு இன்னும் சிறியது.

இப்போது யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவுக்கு வாருங்கள். எட்டு இரவு, முதல் நாள் ஒரு சுடர், பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டுவது வழக்கம். மொத்தம் 36. ஆனால் சட்டத்தின் அடிப்படை, வீட்டுக்கு ஓர் இரவுக்கு ஒரு சுடர், இருட்டிய பிறகு அரைமணி நேரம் எரிந்தால் போதும். முகாமில் ஒரு கொட்டகையையே ஒரு வீடாக எடுத்துக்கொண்டு ஒரு சுடர் ஏற்ற இது இடம் கொடுத்தது. உருளைக்கிழங்கைக் குடைந்து அகலாக்கினார்கள். போர்வையிலோ சட்டையிலோ பிரித்த நூலை முறுக்கித் திரியாக்கினார்கள். எண்ணெய்க்குப் பதில் மார்ஜரின். மார்ஜரினில் ஆறில் ஒரு பங்கு அளவு தண்ணீர் உண்டு. அதனால் திரி பொரிந்து அணையும், அல்லது புகையும். புகை வாடை காவலுக்குப் போய்விடும். திரியை முதலில் உருக்கிய கொழுப்பில் ஊறவைத்தால் ஓரளவு நிற்கும். இதில் டீச்சர் சொல்லவேண்டியது கணக்குதான்: 25 கிராம் மார்ஜரின் என்பது ஏறத்தாழ 180 கலோரி, அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். ஒருவர் தன் பங்கை விளக்கில் விட்டால் தன் உடம்பையே அதில் விடுகிறார்.

நாள் பார்ப்பது எப்படி என்று கேட்டீர்கள். பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும். யூத மாதம் அமாவாசையை ஒட்டிப் பிறக்கும், 29 அல்லது 30 நாள். சூரிய ஆண்டோடு ஒட்டவைக்க, நம் அதிக மாதம் போல, 19 ஆண்டுக்கு 7 முறை ஒரு மாதம் கூடும். எகிப்தில் அடிமைத்தனம் நீங்கியதைக் கொண்டாடும் பெசாக் பௌர்ணமியில் வரும், ரோஷ் ஹஷானா எனும் புத்தாண்டு அமாவாசையை ஒட்டி வரும். ஆகவே வானம் தெளிவாக இருந்தால் தோராயமாக நாள் பிடிக்கலாம். தவறு இரண்டு இடத்தில் நேரும். ஹெஷ்வான், கிஸ்லேவ் என்ற இரண்டு மாதங்களும் சில ஆண்டு 29, சில ஆண்டு 30 நாள். அந்த ஆண்டுக்கு எது என்று தெரியாவிட்டால் ஹனுக்கா ஒருநாள் தள்ளிப்போகும். 1942-43க்கு உரிய 5703ஆம் ஆண்டில் கூடுதல் மாதம் இருந்தது. அதை மறந்தவருக்கு பெசாக் ஒரு மாதமே முந்திவிடும். இதை மனக்கணக்காகப் போடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். புதிதாக வந்து இறங்குபவரிடம் முதலில் தேதி கேட்பதும் உண்டு. செக் நாட்டில் இருந்த தெரேசியன்ஸ்டாட் முகாமில் ஆஷர் பெர்லிங்கர் என்ற கைதி 5704ஆம் ஆண்டுக்கு முழு நாட்காட்டியைக் கையால் எழுதி வரைந்தார். அங்கே ஓர் இருட்டறையில் ஒளித்து நடந்த தொழுகைக்கூடம் இன்றும் இருக்கிறது. அதன் சுவர் எழுத்துகளும் அவர் கைவேலை என்று கருதப்படுகிறது. ஒரு வரி, இத்தனைக்குப் பிறகும் உன் பெயரை நாங்கள் மறக்கவில்லை, நீயும் எங்களை மறவாதே என்ற பொருளில் வரும். பெர்லிங்கர் 1944இல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொல்லப்பட்டார்.

நூல் இல்லாத பிரார்த்தனைக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். கிராஸ்-ரோசன் முகாமின் கிளையான வுல்ஃப்ஸ்பெர்க்கில் நஃப்தலி ஸ்டெர்ன் என்ற பாடகர், 1944 புத்தாண்டுக்கான பிரார்த்தனைகளை நினைவிலிருந்து முழுமையாக எழுதினார். தாள், கிழித்த சிமெண்டுப் பை. பென்சிலும் பையும் ரொட்டி கொடுத்து வாங்கியது. அந்தத் தாள்கள் இப்போது ஜெருசலேமில் யாத் வஷெம் காப்பகத்தில் உள்ளன.

பழையகாடு:

அண்ணன் சொன்னதோடு ஒரு திருத்தம், டீச்சர். எல்லா முகாமையும் ஒரே சொல்லால் அழைக்காதீர்கள். திரெப்ளிங்கா, சோபிபோர், பெல்செக், செல்ம்னோ ஆகியவை அழிப்பு முகாம்கள். வந்து இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் சில மணி நேரத்தில் கொல்லப்பட்டனர். அங்கே கொட்டகை வாழ்க்கையே இல்லை, பண்டிகை எங்கிருந்து வரும்? பெல்செக்கில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிழைத்து வந்து சாட்சி சொன்னவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். ஆஷ்விட்ஸ்-பிர்க்கனாவ் இரண்டும் கலந்த இடம்: வேலைக்கும் வைத்தார்கள், வந்த அன்றே கொன்றும் போட்டார்கள். அங்கே மாண்ட சுமார் 11 லட்சம் பேரில் 10 லட்சம் பேர் யூதர்கள், பாதிக்கு மேல் முகாம் எண்கூடப் பெறாதவர்கள்.

ஆகவே நம்பிக்கை பற்றி நம்மிடம் உள்ள சாட்சிகள் எல்லாம் வேலைமுகாமிலும் கெட்டோவிலும் (யூதர்களை அடைத்துவைத்த நகரப்பகுதி) சில காலமாவது உயிர்வாழ்ந்தவர்கள் சொன்னவை. பேச்சின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

தாப்பா ரோடு:

மதச் சட்டம் பற்றிய கேள்விக்கு நான் எழுதுகிறேன். யூதச் சட்டத்தில் உயிரைக் காப்பது ஏறத்தாழ எல்லாக் கட்டளைகளையும் விட மேல். விலக்கு மூன்றே: உருவ வழிபாடு, தகாத உறவு, கொலை. இந்த மூன்றையும் உயிர் போனாலும் செய்யக்கூடாது. மற்றபடி, கட்டளைகளால் மனிதன் வாழவேண்டும் என்று யூத வேதமான தோரா சொல்வதை, அவற்றால் சாகக்கூடாது என்று ரபிகள், அதாவது யூத மதகுருமார், விரித்தார்கள். எனவே முகாமில் விலக்கப்பட்ட இறைச்சியைத் தின்றது பாவமா என்ற கேள்விக்குச் சட்டப்படி பதில் தெளிவு. ஆனால் சட்டம் விடுவித்தாலும் மனம் விடவில்லை. உண்மையான போராட்டம் அந்த இடைவெளியில்தான் நடந்தது.

பெசாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரேலுக்கு வெளியே எட்டு நாள். புளித்த மாவு எதுவும் தொடக்கூடாது. கோதுமை, வாற்கோதுமை, கம்புமாவு எல்லாம் இதில் அடங்கும். மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டெடுத்த மட்ஸா எனும் புளிக்காத ரொட்டி மட்டுமே சரி. முகாமில் மாவு ஏது, அடுப்பு ஏது? ரொட்டியை விட்டால் உணவில் கிட்டத்தட்ட பாதி போயிற்று, சூப்பிலும் கம்புமாவு. 1944இல் பெர்கன்-பெல்சனில் இருந்த டச்சு ரபிகள் ஒரு வழி செய்தார்கள். ரொட்டி தின்னலாம் என்று தீர்ப்புச் சொன்னதோடு நிற்காமல், தின்பதற்கு முன் சொல்ல ஒரு பிரார்த்தனையும் இயற்றினார்கள். உன் விருப்பப்படி மட்ஸா தின்னவே எங்களுக்கு ஆசை, அடிமைத்தனம் தடுக்கிறது, வாழவேண்டும் என்ற உன் கட்டளையை நிறைவேற்றவே இதைத் தின்கிறோம் என்பது அதன் சாரம். விலக்கை மீறுவதையே ஒரு கட்டளையாக மாற்றிக்கொண்ட அந்த நுட்பத்தை மாணவர்களுக்கு நிறுத்தி விளக்குங்கள்.

பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் விரதம் 25 மணி நேரம், தண்ணீரும் இல்லை. 1944இல் அது செப்டம்பர் 26 மாலை தொடங்கியது. ரொட்டி பெரும்பாலும் மாலைப் பெரட்டு (வரிசையில் நிறுத்தித் தலை எண்ணுவது) முடிந்துதான் வரும். அதற்குள் விரதம் தொடங்கிவிடும். அந்த ரொட்டியை மறுநாள் இரவுவரை ஒளித்துவைக்க வேண்டும். தலைக்கடியில் வைத்தாலும் திருடு போகும். மறுநாள் நண்பகல் சூப்பை எடுத்துவைக்க வழியே இல்லை, வேண்டாம் என்றால் போனது போனதுதான். பலவீனமானவர் விரதம் இருக்கச் சட்டமே தடை சொல்கிறது. இருந்தவர்கள் இருந்தார்கள், எத்தனையோ பக்தர்கள் அழுதுகொண்டே சாப்பிட்டார்கள். முகாமிலிருந்து பிழைத்து எழுத்தாளரான எலி வீசல் அந்த ஆண்டு சாப்பிட்டவர். தந்தை சொல்லைக் கேட்டும், கடவுளின் மௌனத்தை ஏற்க முடியாத கோபத்திலும் அந்த சூப்பைக் குடித்ததாக எழுதியிருக்கிறார். ஒரே கிண்ணத்தில் கீழ்ப்படிதலும் கலகமும்.

"பெரட்டு" என்ற சொல் நம் பெரியவர்களுக்குச் சட்டென்று புரியும், ஆனால் விளக்கம் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே தலை எண்ணிக்கை சரியாக வரும்வரை நிற்கவேண்டும், இரவில் இறந்தவர்களையும் தூக்கிவந்து வரிசையில் கிடத்தி எண்ணுவார்கள். 1940 ஜூலை 6 தொடங்கி ஆஷ்விட்ஸில் ஒரு பெரட்டு 19 மணி நேரம் நீடித்தது.

ரபியிடம் எப்படிப்பட்ட கேள்விகள் வந்தன என்று காட்ட, லிதுவேனியாவின் கோவ்னோ கெட்டோவில் இருந்த ரபி எஃப்ராயிம் ஓஷ்ரி போதும். கேள்வியையும் தீர்ப்பையும் தாள் துண்டுகளில் குறித்து, தகர டின்னில் அடைத்துப் புதைத்தார். 1944இல் ஊர் மீட்கப்பட்டதும் தோண்டி எடுத்து, பின்னால் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். அதில் ஒரு கேள்வி: "என்னை அடிமையாகப் படைக்காத உனக்கு நன்றி" என்று தினமும் காலையில் சொல்லும் வாழ்த்தை இனியும் சொல்வது பொய்யாகாதா? சொல்லத்தான் வேண்டும், இப்போது இன்னும் அழுத்தமாக. உடல்தான் அவர்கள் கையில் என்றார் ஓஷ்ரி.

இன்னொன்று. ஸ்கார்ஷிஸ்கோ-கமியென்னா ஆயுதத் தொழிற்சாலை முகாமில் 1943இல் ரதோஷிட்சே ரபி ஃபிங்க்லர் புத்தாண்டுக்கு ஊத ஒரு ஷோஃபார், அதாவது ஊதுகொம்பு, கேட்டார். லஞ்சம் வாங்கிய காவலாளி கொண்டுவந்தது மாட்டுக்கொம்பு. சட்டப்படி மாட்டுக்கொம்பு செல்லாது. மறுபடி லஞ்சம் கொடுத்து ஆட்டுக்கடாக் கொம்பு வரவழைத்தார்கள். உலோகப் பட்டறையில் வேலைசெய்த மோஷே வின்டர்ட்டர் உயிரைப் பணயம் வைத்து அதைக் குடைந்து செய்தார். "எந்தக் கொம்பானால் என்ன" என்று அவர்கள் விட்டிருக்கலாம், விடவில்லை.

சிப்புட் டீச்சர்:

நன்றி ஐயா, நன்றி அண்ணன்மாரே. இரண்டு சந்தேகம். வாழ்வுக்கு ஒரு பொருள் இருந்தவர்களே பிழைத்தார்கள் என்று, முகாமிலிருந்து மீண்ட மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல் பெயரைப் போட்டு ஒரு படவில்லை செய்திருக்கிறேன். சரியா? அடுத்து, நம்பிக்கை இழந்தவர்களைக் கோயில் மண்டபத்தில் எப்படிப் பேசுவது?

பழையகாடு:

அந்தப் படவில்லையை எடுத்துவிடுங்கள் டீச்சர், தயவுசெய்து. ஃபிராங்க்ல் பொருள் தேடலைப் பற்றிப் பேசியது உண்மை. ஆனால் தங்களில் மிகச் சிறந்தவர்கள் திரும்பவில்லை என்று சொன்னவரும் அவர்தான். நம்பினவர் பிழைத்தார் என்றால், சாம்பலானவர்களுக்கு நம்பிக்கை போதவில்லை என்று ஆகிவிடும். கைக்குழந்தைகளுக்கு என்ன சொல்வோம்?

பிழைப்பைத் தீர்மானித்தவை வேறு. இறங்கிய மேடையில் பிள்ளையின் கையைப் பிடித்திருந்த தாய் நேராக விஷவாயு அறைக்குப் போனாள். பதினான்கு, பதினைந்துக்குக் கீழே என்றால் பெரும்பாலும் சாவு. எந்த ஆண்டு பிடிபட்டார் என்பது முக்கியம்: ஹங்கேரியிலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரை 1944 மே 15க்கும் ஜூலை 9க்கும் இடையில்தான் ஏற்றினார்கள், அதில் பிழைத்தவர் முகாமில் கழித்தது ஒரு வருடத்துக்குள். பிறகு காலணி பொருந்துகிறதா, கைத்தொழில் உண்டா, வேலை கூரைக்குக் கீழா வெளியிலா என்பவை. ஆஷ்விட்ஸிலிருந்து பிழைத்த இத்தாலிய எழுத்தாளர் பிரீமோ லெவி ஒரு வேதியியலாளர். கடைசிக் குளிர்காலத்தில், ஆஷ்விட்ஸின் கிளையான மோனோவிட்ஸில், ஆய்வுக்கூடத்துக்குள் வேலை கிடைத்தது. 1945 ஜனவரி 18இல் கைதிகளைப் பனியில் நடத்திக் கொண்டுபோனபோது செங்காய்ச்சலோடு மருத்துவக் கொட்டகையில் கிடந்தார். நோய் அவரைக் காப்பாற்றியது.

அந்த லெவி நம்பாதவர். 1944 அக்டோபரில், யார் சாக, யார் இருக்க என்று பிரிக்கும் வரிசையில் நின்றபோது பிரார்த்திக்க ஒரு கணம் மனம் வந்ததாகவும், ஆட்டம் முடிகிற நேரத்தில் விதியை மாற்றுவது முறையல்ல என்று விட்டுவிட்டதாகவும் எழுதினார். அவரை மண்டபத்தில் தாராளமாகப் பேசலாம். அது அலட்சியமல்ல, நேர்மை. எதிர்ப்பக்கத்தில் கிளாசன்பர்க் ரபி ஹால்பர்ஷ்டாம்: மனைவியையும் பதினொரு பிள்ளைகளையும் இழந்தவர். போருக்குப் பின் அகதி முகாம்களில் அநாதைப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளி நடத்தினார், பின்னால் நெத்தன்யாவில் மருத்துவமனை கட்டினார்.

நடுவில் இன்னொரு கூட்டம் உண்டு, கடவுளை விடாமல் கடவுளோடு சண்டை பிடித்தவர்கள். யூத மரபில் ஆபிரகாம், யோபு காலத்திலிருந்தே அது உண்டு. கண் இழந்த சுந்தரர் திருவாரூர் ஈசனைத் திட்டியதை அறிந்த சபைக்கு அது புதிதாக இராது. ஆனால் ஒப்பிட்டு அங்கேயே நிறுத்தாதீர்கள். சுந்தரருக்குக் கண் திரும்பக் கிடைத்தது. ஹால்பர்ஷ்டாமுக்குப் பிள்ளைகள் கிடைக்கவில்லை.

பாலஸ்தீனம் பற்றிக் கட்டாயம் கேள்வி வரும். இன்று காசாவில் மக்கள் படும் துயரத்தைப் பேசத் தனிக் கூட்டம் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். 1940களில் கொல்லப்பட்ட பிள்ளைகளை அந்தத் துயரத்துக்குப் பதிலாகவும் ஆக்கவேண்டாம், சாக்காகவும் ஆக்கவேண்டாம்.

ஆறாங்கட்டை:

சயாம் பற்றி. சேர்த்துப் பேசலாம், ஒன்றாக்கக் கூடாது. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபர் 17இல் இரு முனையும் இணைந்தது. ஜப்பானியருக்கு வேண்டியது கூலி உழைப்பு. காலராவிலும் பட்டினியிலும் ஆள் செத்தால் தோட்டத்திலிருந்து வேறு ஆள். நாஜிகளுக்கு யூதர் சாவதே நோக்கம், பால்குடிக் குழந்தை உட்பட. இந்த வேறுபாட்டை முதலில் வையுங்கள்.

ஒற்றுமை வேறு இடத்தில் இருக்கிறது: செத்த நாள் தெரியாத சாவு. யூதருக்குத் தந்தை தாய் இறந்த திதியில் கதீஷ் எனும் பிரார்த்தனை சொல்லவேண்டும், அதற்குப் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பத்து ஆண்கள் கூடவேண்டும். நாளே தெரியாவிட்டால்? இஸ்ரேல் தலைமை ரபிமன்றம் தெவெத் மாதம் 10ஆம் நாளை, ஏற்கெனவே உள்ள ஒரு விரத நாளை, அப்படிப்பட்டவர்களுக்குப் பொதுவாக வைத்தது. திதி தெரியாதவர்களுக்கு நாம் மகாளய அமாவாசை வைத்திருப்பது போல. கணவன் செத்தானா என்று தெரியாத மனைவிகள் இன்னொரு சிக்கல்: சாவுக்குச் சாட்சி இல்லாமல் அவள் மறுமணம் செய்ய முடியாது. போருக்குப் பின் அகதி முகாம்களில் ரபிகள் நீதிமன்றம் வைத்து, ஆஷ்விட்ஸ் மேடையில் சாவு வரிசைக்குப் பிரிக்கப்பட்டதைப் பார்த்தவர் சொன்னால் போதும் என்ற அளவுக்குத் தளர்த்தி ஆயிரக்கணக்கான பெண்களை விடுவித்தார்கள். சயாமுக்குப் போன வெள்ளைக்காரப் போர்க்கைதிகளில் மாண்ட 12,000க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைத் தோட்டங்கள் உண்டு. அதைப்போலப் பல மடங்கு இறந்த நம் ஆட்களுக்குப் பெயர்ப்பட்டியலே கிடையாது. தாலியைக் கழற்றவா வேண்டாமா என்று காத்திருந்த பெண்களுக்காக எந்த மன்றமும் கூடவில்லை. பெரியவர்களைப் பேசவைக்க இந்த இடத்தில் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

சிப்புட் டீச்சர்:

ஒதுக்குகிறேன் அண்ணா. கடைசியாக ஒன்று: தொடக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றலாமா? மாணவர்கள் உருளைக்கிழங்கு விளக்கு செய்து காட்டுகிறோம் என்கிறார்கள்.

தாப்பா ரோடு:

உருளைக்கிழங்கு விளக்கு வேண்டாம் டீச்சர், அது கைவேலைப் போட்டி மாதிரி ஆகிவிடும். ஒரு கிழங்கையும் 25 கிராம் மார்ஜரினையும் ரொட்டிக்குப் பக்கத்தில் தட்டில் வைத்தால் போதும். குத்துவிளக்கு நமக்கு மங்கலத் தொடக்கம். யூதர் நினைவு விளக்கு ஒற்றைச் சுடர். முதல்நாள் பொழுது சாயும்போது ஏற்றி 24 மணி நேரம் எரியவிடுவார்கள், ஊதி அணைப்பதில்லை. ஆழமான அகல் ஒன்றில் நல்லெண்ணெய் விட்டு 26ஆம் தேதி மாலை மண்டபத்தில் ஏற்றுங்கள். அடியில் மணல் தட்டு இருக்கட்டும், காற்றாடிக்கு நேர்கீழே வைக்காதீர்கள், இரவில் எண்ணெய் ஊற்ற ஒருவர் வேண்டும். கூட்டம் முடிந்து விளக்கணைத்துப் பூட்டுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அந்த அகலைத் தொடவேண்டாம் என்று.